வெள்ளைத்தாள் ஒட்டிய பகா எண்

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். துணியில் எட்டு வரிகள் இருந்தன, அதில் இரண்டாவது வரி. ஏழு இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அது யாரையும் திட்டவில்லை. எந்தச் சாமியையும் பழிக்கவில்லை. எந்தக் கட்சியையும் இழுக்கவில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாமல் சும்மா இருந்தது. ஆனாலும் அதை எடுக்கச் சொன்னார்கள், அதுவும் கணிதத் துறை நடத்திய கணித நாள் விழாவில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எழுத உட்காரும்போது எனக்குக் காது சூடாகிறது.

அப்போது நான் தர்மபுரிக்கு வெளியே ஒரு தனியார் கலைக் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தேன். பெரும்பாலும் பெண்கள் படிக்கும் கல்லூரி. பென்னாகரம், பாலக்கோடு, இண்டூர் என்று நாலு பக்கத்திலிருந்தும் கல்லூரிப் பேருந்துகளில் வந்து இறங்குவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. கணிதத்தில் சேர்ந்தவர்களில் பலர், வேறு துறையில் இடம் கிடைக்காமல் சேர்ந்தவர்கள்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்த பெண்களில் சிலருக்கு இரண்டாம் ஆண்டில் திடீரென்று கணிதம் பிடித்துப் போகும். அப்படிப் பிடித்துப் போனவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

அந்த ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானது. வழக்கமாகச் செய்வதுபோல் தெர்மாக்கோலில் கோபுரமும் கூம்பும் செய்ய வேண்டாம், ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அந்த எண் ஒற்றையா இரட்டையா, பகா எண்ணா பகு எண்ணா, அதன் காரணிகள் என்ன, அந்த எண்ணைத் தவிர மற்றக் காரணிகளைக் கூட்டினால் எண்ணை விடக் குறைவாக வருகிறதா, கூடுதலாக வருகிறதா, சரியாக அதே எண்ணாக வருகிறதா என்று அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். ஒரு மனுஷியை அறிமுகப்படுத்துவதுபோல் ஓர் எண்ணை அறிமுகப்படுத்த வேண்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு. ஒருத்தி தர்மபுரிக் கடைவீதியில் மெத்தை தலையணை தைத்து விற்கும் பாயின் மகள். வாயாடி. வகுப்பில் கேள்வி கேட்காமல் ஒரு நாளும் விடமாட்டாள். இன்னொருத்தி பென்னாகரத்துக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஆடுகளும். இவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு கணக்கில் இறங்கிவிட்டால் மணியடித்தாலும் எழுந்திருக்கமாட்டாள். இருவரும் ஒன்றாகவே திரிவார்கள். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டு வந்த எண் 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். அது ஒரு பகா எண். அதில் வியப்பில்லை, பகா எண்களுக்கு முடிவே கிடையாது. ஆனால் இந்த எண்ணின் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டால் 7393913. அதுவும் பகா எண். அதிலும் கடைசியை வெட்டினால் 739391, அதுவும் பகா எண். இப்படியே 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7 வரைக்கும் வெட்டிக்கொண்டே போகலாம். எங்கே வெட்டினாலும் மிச்சம் இருப்பது பகா எண்தான். இந்தக் குணம் உள்ள எண்களில் ஆகப் பெரியது இதுதான். இதற்கு வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் குணம் கெட்டுவிடும்.

"இன்டர்நெட்ல பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

பாயின் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்ல மேடம். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒரு இலக்கத்துல ஆரம்பிச்சோம். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்பது வச்சு வச்சுப் பார்த்தோம். சின்னதுக்கெல்லாம் கையில போட்டோம். பெருசானதும் லேப்ல புரோகிராம் எழுதிப் பார்த்தோம். ஒவ்வொரு கிளையா செத்துக்கிட்டே வந்துச்சு மேடம். கடைசியில அஞ்சே அஞ்சுதான் இம்மாம் நீளம் வந்துச்சு. அதுல பெருசு இதுதான்."

பென்னாகரத்துப் பெண் மெல்லச் சொன்னாள்: "ஏழுல ஆரம்பிச்சதுங்க மேடம்."

அதற்கு அவர்களே ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: வெட்டுப் பகா எண். பாய் கடையிலிருந்து மெத்தை உறைக்கான வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் எட்டு இலக்க எண்ணை மேலே எழுதி, கீழே ஒவ்வொரு வரியாகக் குறைத்து, கடைசி வரியில் ஒற்றை ஏழு நிற்கும்படி நீலச் சாயத்தில் எழுதினார்கள். பார்ப்பதற்கு இறங்கு படிகள் போல் இருந்தது. பக்கத்தில் அதன் வகைகள்: ஒற்றை எண், பகா எண், வெட்டுப் பகா எண், குறைவு எண். தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன்னை விடக் குறைவாக வருவது குறைவு எண். பகா எண்கள் எல்லாமே அப்படித்தான். "இவ்ளோ பெருமை இருந்தும் குறைவுன்னு பேர் வாங்கிடுச்சு" என்று பாயின் மகள் சிரித்தாள். நன்றாக இருந்ததால் அதைக் கண்காட்சிக் கூடத்தின் வாசலிலேயே கட்டச் சொன்னேன்.

விழாவுக்கு முந்தின நாள்தான் சிறப்பு விருந்தினர் யார் என்று தெரிந்தது. அழைப்பிதழில் "எண்கணிதப் பேரறிஞர்" என்று போட்டிருந்தது. சேலம் பக்கத்திலிருந்து வருகிறாராம். நான் முதலில் ஏதோ ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று நினைத்தேன். துறைத் தலைவரிடம் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நியூமராலஜி பார்க்கறவருங்க மேடம். நம்ம தாளாளருக்கு வேண்டப்பட்டவரு. காலேஜ் பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் அவருதான் பார்த்துக் குடுத்தாரு."

எண்கணிதம் என்ற சொல்லை நான் பள்ளியில் படித்தேன். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும்தான் அது. அந்தச் சொல்லையே ஒருவர் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கடைப் பலகையில் மாட்டிக்கொள்வார், அதைப் பார்த்துக் கணிதத் துறை அவரையே மேடையில் உட்கார வைக்கும்.

"சார், நாம கணக்கு சொல்லிக் குடுக்கறவங்க. இவரைக் கூப்பிட்டா புள்ளைங்களுக்கு என்னத்த சொல்றோம்?" என்றேன்.

துறைத் தலைவர் நல்ல மனிதர். நல்ல ஆசிரியரும்கூட. எண் கோட்பாடு அவருடைய பாடம். கரும்பலகையில் அவர் ஒரு தேற்றத்தை நிறுவும்போது வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மணி நேரம்மா. பேசிட்டுப் போயிடுவாரு. நீங்க நன்றியுரை சொல்றீங்க, அவ்ளோதான். விடுங்க."

விட்டேன்.

மறுநாள் காலையில் விருந்தினர் வந்தார். பட்டு ஜிப்பா, விரல்களில் நிறம் நிறமாகக் கற்கள். தாளாளர் ஒரு பக்கம், முதல்வர் ஒரு பக்கம். மாணவிகள் பன்னீர் தெளித்தார்கள். மேடைக்குப் போகும் முன் கண்காட்சியைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. வாசலில் நீலச் சாயத் துணிக்கு முன்னால் நின்றார். இரண்டு பெண்களும் முகமெல்லாம் பூரிப்பாக விளக்கத் தயாரானார்கள். பாயின் மகள் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"இருங்க, இருங்க. நானே பார்த்துச் சொல்றேன்."

விரலால் காற்றில் கூட்ட ஆரம்பித்தார். முதல் வரி முப்பத்தெட்டு, பதினொன்று, இரண்டு. "சந்திரன். தப்பில்ல." இரண்டாவது வரிக்கு வந்தார். முகம் மாறியது. இன்னொரு முறை கூட்டினார். "முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. சனி." தாளாளர் பக்கம் திரும்பினார். "அதுவும் வாசல்லயே தொங்குது. மொத்தம் வரியும் எட்டு. இது யாரு எழுதுனது?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நின்ற பிள்ளைகள். திருட்டில் பிடிபட்டவர்கள் மாதிரி நிற்க வைத்துவிட்டார்.

"அடுத்த தடவை நம்பர் எடுக்கறப்ப கூட்டு எண் ஆறு வர்ற மாதிரி எடுங்க. சுக்கிரன். பொண்ணுங்களுக்கு ரொம்ப நல்லது" என்று அவர்களிடம் கனிவாகச் சொன்னார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், இலக்கங்களைக் கூட்டினா ஆறு வருதுன்னா அந்த எண் மூணால வகுபடும். மூணால வகுபட்டா அது பகா எண்ணே கிடையாது. இந்தப் புள்ளைங்க எடுத்துக்கிட்ட தலைப்பே பகா எண்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "மேடம் பிறந்த தேதி எட்டு, பதினேழு, இருபத்தாறு, இதுல ஒண்ணா இருக்குமே?"

"இல்லீங்க. மூணாம் தேதி."

"அப்பிடின்னா விதி எண் எட்டா இருக்கும். அதான் இந்த வேகம். கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். தாளாளரும் சிரித்தார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. நான் சொன்னது சரியா தவறா என்று அங்கே நின்ற ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. வகுபடும் தன்மையைப் பற்றி ஒரு பெண் பேசினால் அவளுக்குத் தாலி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பதில் என்று ஆகிவிட்டது.

அவர்கள் உள்ளே போனதும் முதல்வர் பின்தங்கி வந்து என் காதருகில் சொன்னார்: "அந்த ஒரு லைனை மட்டும் எடுத்துடுங்க மேடம். மத்தது இருக்கட்டும்."

"அது ஒண்ணை எடுத்தா மத்ததுக்கு அர்த்தமே இல்லீங்க சார். படி மாதிரி இறங்குது பாருங்க. நடுவுல ஒரு படியை உடைக்கச் சொல்றீங்க."

"துணியைக் கிழிக்க வேண்டாம். மேல ஒரு பேப்பர் ஒட்டுங்க போதும்."

"நான் ஒட்டமாட்டேன் சார்."

அவர் என்னை விட்டுவிட்டுத் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் உள்ளே போய் வெள்ளைச் சார்ட் தாளும் பசையும் கொண்டுவந்தார். நாற்காலி போட்டு ஏறி, தன் கையாலேயே 7393913 மீது தாளை ஒட்டினார். ஓரங்கள் சுருங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். பகா எண்கள் எண்ணிக்கையற்றவை என்பதை எத்தனையோ வகுப்புகளுக்கு நிறுவிக் காட்டிய கை அது. அன்று விருந்தினர் மேல் எனக்கு வந்த கோபத்தை விட அந்தக் கையைப் பார்த்து வந்த கோபம்தான் அதிகம்.

பென்னாகரத்துப் பெண் அழவில்லை. கீழே சிந்தியிருந்த பசையைத் துடைத்தாள். பாயின் மகள்தான் "இது அநியாயம் மேடம், இது அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். மேடையில் நடந்ததுதான் என்னை உடைத்தது.

விருந்தினர் நன்றாகப் பேசுகிறவர், அதை மறுக்க முடியாது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எப்படிப் பெரிய ஆளானார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு, "எல்லாரும் உங்க உங்க ரிஜிஸ்டர் நம்பரைக் கூட்டிப் பாருங்க. ஒத்தை இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டுங்க" என்றார். அரங்கம் முழுக்கத் தலைகள் குனிந்தன. "எட்டு வந்தவங்க மட்டும் எந்திரிச்சு நில்லுங்க."

சிரித்துக்கொண்டு சிலர் எழுந்தார்கள். பிறகு தயங்கித் தயங்கி இன்னும் பலர். என் வகுப்பு வரிசையில் பென்னாகரத்துப் பெண் எழுந்து நின்றாள்.

"நீங்கல்லாம் கவனமா இருக்கணும். தடை ஜாஸ்தி. பரீட்சைல தடை, கல்யாணத்துல தடை. நின்னு போகும், இழுத்துக்கிட்டே போகும். பயப்பட வேண்டாம், பரிகாரம் இருக்குது" என்றார். எழுந்து நின்ற ஒருத்தியும் சிரிக்கவில்லை. உட்காரலாம் என்று அவர் சொல்லவும் மறந்துவிட்டார். பேசி முடிக்கும் வரை அத்தனை பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களிடமிருந்து லேசாக நகர்ந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு நன்றியுரை. என் பெயரை அழைத்தார்கள்.

மேடையேறும்போது என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தாளாளருக்கும் முதல்வருக்கும் விருந்தினருக்கும் முறைப்படி நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு, "நின்னுக்கிட்டு இருக்கறவங்க உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள்.

"ஒரு சின்னக் கணக்கு போடலாம். உங்களுக்குப் பிடிச்ச பெரிய எண் ஒண்ணு எழுதுங்க. எல்லா இலக்கமும் ஒண்ணா இருக்க வேண்டாம். இப்ப அதே இலக்கங்களை இடம் மாத்திப் போட்டு வேற ஒரு எண் எழுதுங்க. பெருசுல இருந்து சின்னதைக் கழிங்க. வர்ற விடையை இப்ப சார் சொன்ன மாதிரியே ஒத்தை இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டுங்க."

கொஞ்ச நேரம் பேனாச் சத்தம் மட்டும்தான்.

"என்ன வந்துச்சு?"

"ஒம்பது!" என்று நாலைந்து குரல்கள். பிறகு அரங்கம் முழுக்க ஒன்பது, ஒன்பது என்று சத்தம். ஒருத்தியின் எண்ணை இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். ஆளுக்கு ஓர் எண் எழுதியும் எல்லோருக்கும் ஒன்பது எப்படி வந்தது என்று கூச்சல்.

"உங்க எல்லாருக்கும் ஒரே விதி வந்துருச்சா?" என்றேன். "இலக்கங்களைக் கூட்டறதுன்னா அந்த எண்ணை ஒன்பதால வகுத்து மீதியைப் பார்க்கறது. அவ்வளவுதான். பத்து, நூறு, ஆயிரம், எதை ஒன்பதால வகுத்தாலும் மீதி ஒண்ணு. அதனால இலக்கங்களை எப்படி மாத்திப் போட்டாலும் மீதி மாறாது. மீதி மாறலைன்னா கழிச்சா ஒன்பதோட மடங்குதான் வரும். அதுக்கு மேல இதுல ஒண்ணுமே கிடையாது. உங்க ரிஜிஸ்டர் நம்பர் பேர் வரிசையில குடுத்தது. வரிசையா போற எண்கள்ல ஒன்பதுல ஒண்ணுக்கு எட்டு வந்தே தீரும். உங்க பேரு வேற எழுத்துல ஆரம்பிச்சிருந்தா உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கற பொண்ணு எந்திரிச்சு நின்னிருப்பா. இதுக்காக யாரும் ஒரு பரிகாரமும்..."

மைக் அணைந்தது. கரண்ட் போகவில்லை. மின்விசிறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நான் மைக் இல்லாமலேயே, "பண்ண வேண்டாம்" என்று கத்தினேன். பின்வரிசை வரை கேட்டிருக்கும். முதலில் கை தட்டியது பாயின் மகள் என்று நினைக்கிறேன். தாளாளர் எழுந்து விருந்தினரின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்க வழியாக இறங்கிப் போனார். நாட்டுப்பண்கூடப் பாடவில்லை.

மதியம் சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் கண்காட்சி பார்க்க வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது நீலச் சாயத் துணிக்கு முன்னால்தான் பெரிய கூட்டம். ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் மேல் பாயின் மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள்: "இங்கே ஒரு பகா எண் இருக்கிறது. எது?"

மேல் வரியைப் பார்த்து, கடைசி இலக்கத்தை வெட்டி, அரசுப் பள்ளிச் சீருடையில் இருந்த சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு இலக்கமாகக் கத்திச் சொன்னார்கள். சொல்லச் சொல்லப் பென்னாகரத்துப் பெண் அதைப் பக்கத்துப் பலகையில் சாக்கட்டியால் எழுதினாள். ஒரு குழு போனதும் அழித்துவிட்டு அடுத்த குழுவைக் கேட்டாள். மறைக்கச் சொன்னவர்களால் அதை மறைக்கவே முடியவில்லை. மேலே இருக்கும் எண்ணைப் பார்த்தாலே கீழே இருப்பது தெரிந்துவிடும் என்பது அந்தத் தாளை ஒட்டியவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. சிறப்பு விருந்தினரை அவமதித்ததாகவும், நன்றியுரையின் வரம்பை மீறியதாகவும், எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்கு அந்த ஒன்பதின் மீதிக் கணக்கை நிறுவி எழுதி, "இதில் தவறு இருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதல்வர் அதைப் படித்தாரா என்று தெரியாது. விசாரணை என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். துறைத் தலைவரிடம், "நான் சொன்ன கணக்கு சரிதானே சார், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு சரிதான். ஆனா எடம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா" என்றார். கணிதத் துறையில், கணித நாளில், சரியான கணக்குக்கு இடம் இல்லையென்றால் வேறு எங்கே இடம் என்று கேட்டேன்.

அதற்குள் விஷயம் ஊர்களுக்குப் போய்விட்டது. ஒரு நாள் பென்னாகரத்துப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் கல்லூரிக்கு வந்தார்கள். என்னைத்தான் தேடி வந்தார்கள். துறை அறையில் நாற்காலி போட்டும் அந்த அம்மா உட்காரவில்லை.

"மேடம், புள்ள நம்பரை மட்டும் மாத்திக் குடுக்க முடியுங்களா?" என்றார் அப்பா. "வூட்ல ஒரே பேச்சுங்க. இவ ஆத்தா சோறே உங்கறதில்ல. ஒரு எடம் பார்த்துக்கிட்டு இருந்தோம். அவங்க காதுக்கும் போயிருச்சுங்க, காலேஜ்ல எந்திரிச்சு நிக்க வச்சாங்களாமேன்னு."

மேடையில் கை தட்டல் வாங்கியதில் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் சொன்ன ஒரு வார்த்தை, நான் சொன்ன பத்து வார்த்தைகளை விட வேகமாகக் காடு மேடு தாண்டி அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"அந்த நம்பருல ஒண்ணுமே இல்லீங்க" என்றேன். பல்கலைக்கழகம் எப்படி எண் தருகிறது என்று விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டார். அம்மா என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண் கதவருகில் நின்றிருந்தாள். "அம்மா, நான் நல்லாத்தானே படிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் உடைந்தது அன்றுதான்.

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லேங்கறீங்க, சரி. எனக்குப் படிப்பு கெடயாது. நீங்க சொன்னா நம்பறேன்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். கோபமாகத்தான் கேட்டார். "அப்பறம் எதுக்கு அந்தாளக் கூட்டியாந்து எம்புள்ளைய நிக்க வச்சீங்க? நாங்க வூட்ல ஜாதகக்காரனுக்குப் பயந்துக்கிட்டுதான் புள்ளைய காலேஜுக்கு அனுப்பறோம். இங்கயும் அதேதான்னா எதுக்குங்க அனுப்பணும்?"

பக்கத்து மேசையில் துறைத் தலைவர் இருந்தார். அவரும் கேட்டார். நானும் கேட்டேன். அழைத்தது நான் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு அந்தக் கல்லூரிதான் தெரியும். அதில் விழாவுக்கு முந்தின நாள் "விட்டேன்" என்று நான் விட்டதும் சேர்ந்துதான் இருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோனது. அந்த எண்ணால்தான் நின்றது என்று ஊரில் பேச்சு. எண்ணால் நிற்கவில்லை, எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தியவரால் நின்றது. இந்த வித்தியாசத்தை யாரிடம் போய் விளக்குவது? அந்தப் பெண் மட்டும், "நல்லதுங்க மேடம், இன்னும் ரெண்டு வருஷம் படிக்கலாம்" என்றாள். தேர்வை எழுதினாள். நல்ல மதிப்பெண் வாங்கினாள். சேலத்தில் முதுகலை சேர அவள் அம்மா அழுதுகொண்டே சம்மதித்தார். மெத்தைக் கடைக்காரர் மகள் கடைவீதியிலேயே மாடியில் டியூஷன் எடுக்கிறாள். சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்களாம். அவள் தொலைபேசியில் பேசினால் முதல் பத்து நிமிடம் யாரையாவது திட்டிவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்தக் கல்வியாண்டு முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. கடைசி நாள் துறைத் தலைவர் என்னோடு பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். பேருந்து வந்தபோது, "மேடம், நான் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்குது. புரிஞ்சுக்குங்க" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதற்காகக் கோபம் குறைய வேண்டும் என்று சட்டம் இல்லை. "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

இப்போது அரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தீர்த்தமலைக்குப் போகிற பேருந்தில்தான் தினமும் போக வேண்டும். பழைய கல்லூரியில் அடுத்த ஆண்டும் அதே விருந்தினரைத்தான் அழைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கண்காட்சி வைக்கவில்லையாம். நன்றியுரையை முதல்வரே சொல்லிக்கொண்டாராம்.